கடல்வழிப் போதைக் கடத்தலைத் தடுக்கும் நடவடிக்கையை வடிவமைப்பது எப்படி? நெல்லைக் கரையை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

2020 நவம்பர் கடைசி வாரத்தில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல் படையின் 'வைபவ்' கப்பல் இலங்கைப் படகு ஒன்றை மடக்கியது. படகின் காலி எரிபொருள் தொட்டிக்குள் சுமார் 100 கிலோ ஹெராயின் பொட்டலங்கள் இருந்தன. அவற்றோடு செயற்கைப் போதைப்பொருள் பெட்டிகள், ஐந்து கைத்துப்பாக்கிகள், ஒரு துரையா சாட்டிலைட் போன் ஆகியவையும் சிக்கின. படகில் ஆறு பேர் இருந்தார்கள். செய்தியில் படித்தவர்களுக்கு அது ஒரு கப்பல் ஒரு படகைப் பிடித்த கதை. ஆனால் எங்கிருந்தோ ஒரு தகவல் வந்து, அதை நம்பிக் கப்பலை அனுப்ப ஒருவர் முடிவெடுத்து, பல நாள் தேடி, நூற்றுக்கணக்கான படகுகளுக்கு நடுவே இந்த ஒன்றை இனம் கண்டு, சோதனையில் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்து, கரைக்குக் கொண்டுவந்து போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் ஒப்படைத்த பிறகுதான் அது செய்தியானது. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் படகு போயிருக்கும்.

அந்தக் கண்ணிகள் எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் பார்த்து வடிவமைப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். ராக்கெட், அணுஉலை, ரயில் சிக்னல் எல்லாம் இப்படித்தான் வடிவமைக்கப்படுகின்றன. படை நடவடிக்கைக்கும் இதே முறை பொருந்தும். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ பொறியியல் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கடலோரக் காவல் படையிலோ கடற்படையிலோ சேர நினைப்பவர்கள், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு உருப்படியான தலைப்பு தேடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மன்னார் வளைகுடாவின் கடல் வரைபடம், எக்செல், ஒரு தடித்த நோட்டு ஆகியவை போதும். கணக்குகளில் நான் தரும் எண்கள் பயிற்சிக்காக நானே வைத்துக்கொண்டவை. உண்மையான ரோந்து விவரங்கள் நமக்குத் தேவையில்லை, அவற்றைத் தேடவும் வேண்டாம்.

படி 1: எல்லையைப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராகக் கருவிக்குப் போய்விடுவார்கள். "ட்ரோன் விடலாம் சார்", "இன்னும் நாலு ரேடார் வைக்கலாம் சார்" என்பார்கள். கருவி பற்றிய பேச்சைக் கடைசிப் படி வரை தள்ளிவையுங்கள். நீங்கள் வடிவமைக்கும் முறைமை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முதலில் ஒரு கோடு போடுங்கள்.

தொடக்கம் எளிது: முதல் தகவல் வரும் இடம். முடிவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "சரக்கைப் பிடித்தாயிற்று, வேலை முடிந்தது" என்று கோட்டைக் கடலிலேயே போட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இந்தத் துறையின் மிகப் பெரிய வடிவமைப்புத் தவறு இதுதான். வழக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பிடித்த சரக்கு உரிய உத்தரவோடு எரிக்கப்பட வேண்டும். உங்கள் கோடு அதுவரை போக வேண்டும். அதற்குக் குறைவாகப் போட்டால், கடலில் உயிரைக் கொடுத்துப் பிடித்தது கரையில் நழுவுவதற்கு வடிவமைப்பிலேயே வழி வைத்ததாக ஆகிவிடும்.

கோட்டுக்கு வெளியே எது என்பதையும் எழுதிவையுங்கள். ஆந்திர, ஒடிசா பக்கமிருந்து தரைவழியாக வரும் கஞ்சா, புளியரைச் சோதனைச் சாவடியில் நடக்கும் வாகனச் சோதனை எல்லாம் காவல்துறையின் வேலை. ஆனால் அந்தக் கஞ்சா கரையில் படகுக்கு ஏறும் இடம் உங்கள் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. நம் கடலில் கடத்தல் இரு திசையிலும் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் ஹெராயினும் மெத்தும் (மெத்தாம்ஃபெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருள்) நம் கடலைக் கடந்து போகின்றன. கஞ்சாவும் பீடி இலையும் மஞ்சளும் இங்கிருந்து இலங்கைக்குப் போகின்றன. பீடி இலை போதைப்பொருள் இல்லை, ஆனால் ரேடார் திரையில் பீடி இலைப் படகும் ஹெராயின் படகும் ஒரே புள்ளிதான்.

படி 2: யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எந்த அதிகாரம்

இதில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடலோரக் காவல் படை, கடற்படை, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு, சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதே துறையில் உளவு வேலை பார்க்கும் க்யூ பிரிவு, மீன்வளத்துறை, நீதிமன்றம் எல்லாம் அதில் வரும். இவர்களோடு கூத்தங்குழி, இடிந்தகரை, உவரி, பெருமணல் மீனவர்களையும் எழுத மறக்காதீர்கள். அவர்களை விட்டுவிட்டு வரைந்த எந்தப் படமும் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. காரணம் படி 5-இல் வரும்.

ஒவ்வொருவருக்கும் எதிரே இரண்டு பத்தி: அவர் எதிர்பார்ப்பது என்ன, சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் என்ன. இரண்டாவது பத்திதான் படை நடவடிக்கையை மற்ற பொறியியலிலிருந்து பிரிக்கிறது.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே நல்ல பாடம். 1989-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டம், கடல்வழி, வான்வழிக் கடத்தலைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பை அந்நாட்டு ராணுவத் துறையிடம் கொடுத்தது. ஆனால் 1878-ஆம் ஆண்டு முதல் இருக்கும் சட்டத்தையும், அதைத் தொடர்ந்து வந்த விதிகளையும் ஒட்டி, படையினர் காவல்துறை வேலையைச் செய்ய முடியாது. ஆகவே கடற்படைக் கப்பலிலேயே கடலோரக் காவல் படையின் சட்ட அமலாக்கக் குழு ஒன்று பயணிக்கும். சந்தேகப் படகை நெருங்கியதும் கட்டுப்பாடு காவல் படையிடம் மாறும், கப்பலில் அந்தப் படையின் கொடியும் ஏறும், கைது செய்வது அந்தக் குழுதான். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் இருக்கும் கூட்டுப் பணிப்படை இப்படிப் பல துறையினரையும் பல நாட்டினரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து இயங்குகிறது. சட்டம் போட்ட தடையைத் திட்டத்தின் உள்ளேயே ஒரு பாகமாக வைத்துத் தீர்த்திருக்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நம் பக்கம் தூரத்தைப் பொறுத்துச் சட்டம் மாறும். 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக்கடல், 24 வரை சுங்கச் சட்டம் போன்றவற்றை அமல்படுத்தும் அடுத்த மண்டலம், அதற்கு அப்பால் தனிப் பொருளாதார மண்டலம். இலங்கையோடு 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. வேறொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலை 24 கடல் மைலுக்கு அப்பால் சோதிக்க வேண்டுமானால் 1988 வியன்னா உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவுப்படி கொடிநாட்டின் அனுமதி கேட்க வேண்டும். இந்த வளையங்களைக் கடல் வரைபடத்தில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் யார் என்ன செய்யலாம் என்று எழுதிவைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாப் படிக்கும் அது உதவும்.

இப்போது தேவைகளை எழுதலாம். "கடத்தலை அறவே ஒழிக்க வேண்டும்" என்பது ஆசை. அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. "குறிப்பிட்ட கடற்பரப்பைப் பற்றித் தகவல் வந்த எட்டு மணி நேரத்துக்குள், அங்கே படகு இருந்தால் 80 சதவீத வாய்ப்பில் கண்டுபிடிக்க வேண்டும்" என்பது தேவை. எண்ணும் நேரமும் நிபந்தனையும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

படி 3: தேடலின் கணக்கு

கடலில் தேடுவதற்கு ஒரு கணிதம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக பெர்னார்டு கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்கக் கடற்படையில் வளர்த்தெடுத்தது. அதன் எளிய வடிவம் நமக்குப் போதும்.

தேடும் கருவி ஒரு சமயத்தில் சலிக்கும் அகலத்தை வேகத்தாலும் நேரத்தாலும் பெருக்குங்கள். அதைத் தேட வேண்டிய பரப்பால் வகுங்கள். வருவது சலிப்பு விகிதம். இலக்கு எங்கே என்று தெரியாமல் தேடும்போது கண்டுபிடிக்கும் வாய்ப்பு, ஒன்றிலிருந்து இந்த விகிதத்தின் எதிர்மறை அடுக்கேற்ற மதிப்பைக் கழித்தால் கிடைக்கும். எக்செலில் =1-EXP(-விகிதம்) என்று போட்டால் அது வந்துவிடும்.

பரப்பு 40 கடல் மைலுக்கு 60 கடல் மைல், அதாவது 2400 சதுர கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில், 10 கடல் மைல் அகலத்தில் 8 மணி நேரம் தேடினால் 1200. விகிதம் 0.5, வாய்ப்பு 39 சதவீதம். டோர்னியர் ரோந்து விமானம் 150 நாட் வேகத்தில், 8 கடல் மைல் அகலத்தில் 3 மணி நேரம் பறந்தால் 3600. விகிதம் 1.5, வாய்ப்பு 78 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் விகிதம் 2, வாய்ப்பு 86 சதவீதம்.

அடுத்து, பரப்பை 2400-லிருந்து 600 ஆகச் சுருக்குகிற ஒரு தகவல் வந்ததாக வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தனிக் கப்பலின் விகிதமே 2 ஆகிறது. விமானமே இல்லாமல் அதே 86 சதவீதம். நம்பகமான ஒரு தகவல் ஒரு விமானத்துக்கு ஈடு. இதை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அலை எழும்பினால் ரேடாரில் கடலே இரைச்சலாகத் தெரியும். மரப்படகும் ஃபைபர் படகும் அதற்குள் மறைந்துவிடும். சலிக்கும் அகலம் 10-லிருந்து 4 ஆகக் குறைந்தால் அதே கப்பலின் வாய்ப்பு 39-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கும். கரை ரேடாருக்கு இன்னொரு வரம்பும் உண்டு, பூமியின் வளைவு. கடல் மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனா, 2 மீட்டர் உயரப் படகை ஏறத்தாழ 33 கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்காது. எத்தனை கோடி போட்டு வாங்கினாலும் இந்த வரம்பு நகராது.

படி 4: நேரத்தைப் பங்கிடுங்கள்

சந்தேகப் படகு 12 நாட் வேகத்தில் இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நோக்கிப் போகிறது. இன்னும் 24 கடல் மைல் பாக்கி. உங்களுக்கு இருப்பது 120 நிமிடம். அதைத் தாண்டினால் துரத்த முடியாது.

புள்ளி திரையில் தெரிந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போக 10 நிமிடம், அது என்ன படகு என்று சரிபார்க்க 25, உத்தரவு வர 20, கடைசியில் படகை நிறுத்தி ஏற 15. மிச்சம் 50 நிமிடம். 24 நாட் வேகக் கப்பல் அதற்குள் 20 கடல் மைல் ஓடும். அந்த 20 மைல் வட்டத்துக்குள் கப்பல் இருந்தால்தான் ஏதாவது நடக்கும்.

உத்தரவுக்கு 20 நிமிடம் கூடுதலாக ஆகிவிட்டால்? கப்பலுக்கு 30 நிமிடம், ஓடும் தூரம் 12 மைல். தூரம் 20-லிருந்து 12 ஆனால் வட்டத்தின் பரப்பு 400-க்கு 144 என்ற விகிதத்தில் சுருங்குகிறது. ஒரு போன் அழைப்பின் தாமதத்தில் அந்தக் கப்பல் காக்கும் கடலில் மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போகிறது. தோராயக் கணக்குதான், படகு நகர்ந்துகொண்டே இருப்பதையும் சேர்த்தால் வடிவம் மாறும். ஆனாலும் பணத்தை எங்கே போடலாம் என்று இது காட்டிவிடும். புதுக் கப்பல் கட்ட வருடங்கள் ஆகும். இந்தச் சூழ்நிலையில் இந்த அதிகாரி தானே உத்தரவிடலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க ஒரு கூட்டம் போதும்.

படி 5: எந்தப் படகு?

எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் இது. ஓர் இரவில் கடலில் 500 படகுகள், அதில் ஒன்று கடத்தல் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இனங்காணும் முறை கடத்தல் படகை 90 சதவீதம் சரியாகச் சொல்லும், அப்பாவிப் படகை 5 சதவீதம் மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 499-இல் 5 சதவீதம் 25 படகு. உண்மையான ஒன்றுக்காக 25 மீனவப் படகுகளை நிறுத்த வேண்டும். ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரம் என்றால் 25 மணி நேரம். விடிந்துவிடும்.

நேரம் போவதோடு இது முடியாது. வலை விட்டிருக்கும்போது விளக்கடித்து நிறுத்தப்பட்ட மீனவர், ஐஸும் டீசலும் வீணாகித் திரும்பியவர், அடுத்த முறை வித்தியாசமான படகு ஒன்றைப் பார்த்தால் கடலோரக் காவல் உதவி எண்ணான 1093-க்கு போன் செய்வாரா? தகவல் ஒரு விமானத்துக்கு ஈடு என்று படி 3-இல் பார்த்தோம். அந்தத் தகவலைத் தரக்கூடியவரையே நம் முறைமை விரட்டிவிடுகிறது. ஆகவே தவறான சந்தேகத்தின் அளவை ஒரு தேவையாகவே எழுதுங்கள்: ஓர் இரவில் இத்தனை அப்பாவிப் படகுக்கு மேல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இத்தனை நிமிடத்துக்குள் மரியாதையோடு அனுப்ப வேண்டும்.

அந்த 5 சதவீதத்தைக் குறைக்கும் அறிவும் அவர்களிடமே இருக்கிறது. உவரிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், வேற்றுப் படகை எப்படிக் கண்டுகொள்வீர்கள் என்று மாணவன் ஒருவன் கேட்டான். "வலை நனைஞ்சிருக்கான்னு பாரு தம்பி. ராத்திரி பூரா கடல்ல நின்னவன் வலை காய்ஞ்சு கெடந்தா என்ன அர்த்தம்? ஐஸ் பெட்டி எங்க இருக்கு? ஒரு நாள் தொழிலுக்கு எத்தன கேன் எண்ணெய்? மீன் படுற தெசையை விட்டு வேற தெசையில எதுக்கு நிக்கான்?" என்றார். நான்கு கேள்வி, நான்கும் அளக்கக்கூடியவை. இவற்றில் இரண்டைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம், இரண்டைப் படகருகே போய்ப் பார்க்கலாம். அப்படியே உங்கள் இனங்காணும் பட்டியலில் சேர்க்கலாம். தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை போய் இரவுக்குள் திரும்பும் வழக்கத்தையும் சேர்த்தால், நள்ளிரவில் தனியே நிற்கும் விசைப்படகு தானாகவே கண்ணில் படும்.

படி 6: சங்கிலியைப் பெருக்கிப் பாருங்கள்

இப்போது எல்லாக் கண்ணியையும் ஒரே வரியில் எழுதுங்கள். கண்டுபிடித்தல் 0.85, இனங்காணல் 0.6, மறித்தல் 0.8, படகில் ஒளித்த சரக்கைக் கண்டெடுத்தல் 0.7, வழக்கு நிற்றல் 0.5. ஐந்தையும் பெருக்கினால் 0.14. நூறு கடத்தலில் பதினான்கு மட்டும் முழுதாக முடிகிறது.

புது ரேடார் வாங்கிக் கண்டுபிடிப்பை 0.95 ஆக்கினால் பதினாறு. அந்தப் பணத்தைத் தொடாமல் வழக்குக் கண்ணியை மட்டும் 0.8 ஆக்கினால் இருபத்து மூன்று. மருதூர்க் கால்வாய் மண்மூடிக் கிடக்கும்போது பாபநாசத்தில் கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிட்டால் வயலுக்கு வராது. அடைப்பு இருக்கும் இடத்தில்தான் மண்வெட்டி விழ வேண்டும்.

படி 7: கடலிலிருந்து நீதிமன்றம் வரை

ஒரு துறை இன்னொரு துறைக்குக் கைமாற்றும் இடங்களில்தான் முறைமைகள் உடைகின்றன. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தை ஒரு பொறியாளராகப் படியுங்கள். நேரக்கெடுவும் படிவமும் வரிசையும் கொண்ட தேவைப்பட்டியலாகவே அது தெரியும். தகவல் வந்தால் எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. கைதையும் பறிமுதலையும் பற்றி 48 மணி நேரத்துக்குள் அறிக்கை வேண்டும் என்கிறது 57. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ்ப் பதிவு அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று தெரிவிக்கச் சொல்கிறது 50. பட்டியல், புகைப்படம், மாதிரி எடுத்தல் எல்லாம் மாஜிஸ்திரேட் முன்னிலையில் எப்படி நடக்க வேண்டும் என்கிறது 52ஏ. அதற்கான விரிவான விதிகள் 2022-இல் வந்தன. அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தையே ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆகவே பொருள் சாட்சியமே வழக்கின் உயிர்.

இவை ஒவ்வொன்றையும் ஆடும் கப்பலின் தளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடும் தளத்தில் எடை சரியாக வராது. அதனால் கடலில் எண்ணிக்கையும் முத்திரையும் புகைப்படமும், எடை கரையில். ஹெராயினில் 250 கிராமும் மெத்தில் 50 கிராமும் தாண்டினாலே வணிக அளவு என்பதால் எடைச்சீட்டில் ஒரு சின்னக் குழப்பமும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போதும். படகில் ஏறிய இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் நேரமும் படத்திலேயே பதிவாக வேண்டும், எந்த நாட்டுக் கடல் என்ற கேள்விக்கு அதுதான் பதில். பிடிபட்டவர் சிங்களம் மட்டும் பேசினால் அவர் உரிமையை யார் அவருக்குப் புரியச் சொல்வது? கப்பலில் சிங்களம் தெரிந்தவர், இல்லையென்றால் ரேடியோவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு தேவை எழுதுங்கள். பொட்டலம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்போது போனது என்ற பதிவேடு ஒரே படிவத்தில், எல்லாத் துறைக்கும் பொதுவாக இருக்கட்டும். மேலே பார்த்த 0.5-ஐ 0.8 ஆக்குவது இந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான்.

படி 8: மாற்று வழிகளும் சோதனையும்

இங்கே வந்த பிறகு கருவிகளைப் பற்றிப் பேசலாம். குறைந்தது மூன்று மாற்றுத் திட்டம் எழுதி, ஒவ்வொன்றையும் அதே சங்கிலியில் ஓட்டி, செலவையும் பலனையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் கருவி அதிகம், ஒன்றில் தகவலும் மீனவர் தொடர்பும் அதிகம், ஒன்றில் வழக்குப் பயிற்சி அதிகம் என்று இருந்தால் ஒப்பீடு தெளிவாக வரும்.

சோதனை இரண்டு வகை. எழுதிய தேவைப்படி கட்டினோமா என்பது ஒன்று. எழுதிய தேவையே சரிதானா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒரு மேசையும் நண்பர்களும் போதும். ஒருவர் கட்டுப்பாட்டு அறை, ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் வக்கீல், ஒருவர் கடத்தல்காரர். கடத்தல்காரராக இருப்பவர் உங்களில் கெட்டிக்காரராக இருக்கட்டும், ஏனென்றால் எதிராளி சும்மா இருக்க மாட்டான். ஓரிடத்தில் காவல் இறுகினால் அவன் வேறிடத்துக்குப் போவான், படகை மாற்றுவான், இரவை மாற்றுவான். நம் கரையில் நடக்கும் 'சாகர் கவாச்' ஒத்திகையிலும் மாறுவேடத்தில் ஒரு குழு ஊடுருவ முயலும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். உங்கள் மேசைப் பயிற்சியும் அதே எண்ணம்தான்.

முதல் சுற்று முடிந்ததும் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். 500 படகு 150 ஆகக் குறைந்ததாக வைத்தால் தவறான சந்தேகம் 25-லிருந்து ஏழெட்டாகக் குறையும். அதே சமயம் கடலில் நமக்காகப் பார்க்கும் கண்களும் குறையும், தகவல் வரும் வாய்ப்பும் இறங்கும். சங்கிலியில் எந்த எண் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று இரண்டு பத்தியாக எழுதி, அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் தனித் திட்டம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அது முடிந்ததும் கச்சான் மாதங்களை எடுத்துக்கொள்ளலாம்.